காரவள்ளி வாசகியின் கடிதம்

"படிச்சுக் காட்டறதெல்லாம் நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா அதுல உன்னுது எது?"

தொடர்கதையின் முதல் பாகம் முடிந்த அன்று என் அத்தை இப்படிக் கேட்டாள். அப்பாவின் அக்கா, என்னை வளர்த்தவள். வாசலூர்பட்டிக்கு மேலே இருக்கும் எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் ஆணோ பெண்ணோ யாரும் பலகையைத் தொட்டதில்லை. ஊர்ப் பெண்கள் எல்லாரும் கை வேலையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த வேளையில், அத்தை முறத்தை ஒரு தட்டுத் தட்டி உமியை ஊதிவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டாள். எழுத்து தெரியாதவளுக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கதை ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. யுத்தத்தால் காகிதம் கிடைக்காமல் பத்திரிகை வாரத்துக்கு வாரம் மெலிந்துகொண்டிருந்த காலம். அப்போதும் அந்தக் கதைக்கு மட்டும் பக்கம் குறையவில்லை. ஒரு சின்ன ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தாவுக்கு, தினமும் பாட்டு வகுப்புக்குப் போகிற ஒரு பெண் மேல் ஆசை. பேசத் தைரியம் கிடையாது. அவள் முகத்தைப் பார்த்த பதற்றத்தில் வேறு ஏதாவது ஊருக்கு டிக்கெட் கொடுத்துவிடுவான். பரிசோதகர் அவளைப் பாதி வழியில் இறக்கிவிடுவார். இவன் இரவல் சைக்கிளில் துரத்திப் போய், மன்னிப்புக் கேட்கத் திக்கி, கடைசியில் வானிலை பற்றிப் பேசிவிட்டுத் திரும்பி வருவான். பல மாதங்கள் இப்படியே போய் ஒரு வழியாகக் கல்யாணம் ஆயிற்று.

எங்கள் ஊர்ப் பெண்கள் ரயிலைப் பார்த்ததில்லை. நான் ஒரே ஒரு முறை சேலத்தில் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு முறையை வைத்துக்கொண்டு கதை முழுவதற்கும் விளக்கம் சொன்னேன். இரும்புப் பாதை மேல் ஓடும், பாதையை விட்டு விலகாது என்றதும், அப்படியானால் அந்தப் பெண் பாதையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்துவிடலாமே, அவளுக்குக் கால் இல்லையா என்று கேட்டார்கள். மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கி ஏறுகிறவர்களுக்குப் பாதி வழியெல்லாம் ஒரு தூரமா?

நாங்கள் கதை படித்த இடம் ஊர் நடுவில் இருக்கும் பாறை. அதில் ஏழெட்டுக் குழி உரல்கள் உண்டு. பிற்பகலில் பெண்கள் சாமை குத்த அங்கே வருவார்கள். உலக்கைச் சத்தத்தில் படிக்க முடியாது. ஆகவே ஒரு ஏற்பாடு வைத்துக்கொண்டோம். நான் ஒரு பத்தி படிப்பேன், பிறகு நிறுத்துவேன். அவர்கள் குத்துவார்கள். உலக்கைகள் ஓய்ந்ததும் அடுத்த பத்தி. கதை சப்பென்று இருந்தால் அவர்கள் நெடுநேரம் குத்திக்கொண்டே இருப்பார்கள். சூடு பிடித்துவிட்டால் நான் நிறுத்தினாலும் உலக்கை விழாது; குத்த வேண்டியதை மறந்து தூக்கிய கையோடு நிற்பார்கள். பத்திரிகை ஆசிரியருக்குத் தபாலில் வரும் பாராட்டு எனக்கு அந்தப் பாறையில் நேரடியாகக் கிடைத்தது. தூக்கிய உலக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும்போது கதையை நானே எழுதிவிட்டதைப் போலத்தான் இருக்கும். அத்தை கேட்டது அதனால்தான் இன்னும் உறைத்தது.

பத்திரிகை என்னுடையது அல்ல. காரவள்ளியில் இருந்த என் பள்ளித் தோழியுடையது. இருவரும் கீழே ஒரே விடுதியில் தங்கி எட்டாம் வகுப்பு வரை படித்தோம். அவள் அப்பாவுக்குச் சொந்தமாக வயலும் கிணறும் இருந்தன. பத்திரிகை அவள் வீட்டு முகவரிக்குத் தபாலில் வரும். சந்தை நாளில் அப்பாவோடு பலாப்பழமும் மிளகும் சுமந்து இறங்கும்போது நான் அவள் வீட்டுக்குப் போய், அவள் படித்து முடித்த இதழை வாங்கி வருவேன். அடுத்த சந்தைக்குக் கசங்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவள் எல்லா இதழ்களையும் அடுக்கி நூல் போட்டுத் தைத்து வைப்பாள்.

அவளிடம் எனக்கு இருந்த பொறாமையை ஒளிக்கப் போவதில்லை. கதையில் அடுத்து என்ன என்பது எனக்குத் தெரிவதற்கு ஒரு வாரம் முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் மலை இறங்கிப் போய் வாசலில் நிற்கும்போது, தெரியும் என்கிற முகத்தோடு சிரிப்பாள். பிரிக்காத பத்திரிகையின் மடிப்பை விரலால் கிழித்துத் திறப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு வரும் பத்திரிகையில் அவள் வீட்டு விளக்கெண்ணெய் வாசனை அடிக்கும். இத்தனைக்கும் பள்ளியில் தமிழில் நான் முதல், அவள் இரண்டாவது. மூன்று வருஷமும் அப்படித்தான். அதை நான் மறக்கவில்லை. அவள் மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு இரண்டாம் பாகம் வந்தது. கல்யாணம் ஆன குமாஸ்தாவுக்கும் பாட்டுக்காரிக்கும் கைக்குழந்தை. ஏதோ ஒரு பொய்க்காகக் கோபித்துக்கொண்டு அவள் குழந்தையோடு ஐந்து ஸ்டேஷன் தள்ளி அப்பா வீட்டுக்குப் போய்விடுகிறாள். அவளாக வரட்டும் என்று அவனும், அவனாக அழைக்கட்டும் என்று அவளும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு டிக்கெட் எடுத்துவைத்துவிட்டு ஏறாமல் நிற்பான். அவள் ஒவ்வொரு ரயில் சத்தத்துக்கும் தலை வாரிப் பூ வைத்துக்கொள்வாள்.

வாசகர்களுக்குப் பிடிக்கவில்லை. கடிதங்கள் பக்கத்தில் வாராவாரம் திட்டினார்கள். கல்யாணத்தோடு நிறுத்தியிருக்கலாம் என்றார் ஒருவர். முதல் பாகத்தில் சிரித்து வந்த வயிற்றுவலிக்கு இரண்டாம் பாகம் நல்ல மருந்து என்று இன்னொருவர் எழுதியிருந்தார். புருஷன் வீட்டை விட்டு வந்தவளை எந்த அப்பா சேர்ப்பான், இது நடக்கிற கதையா என்று ஒரு பெரியவர். அந்தக் கடிதங்களையும் நான் பாறையில் படித்துக் காட்டுவேன். கதையைவிட அதற்கு அதிகம் சிரித்தார்கள்.

பாறைக்கு வேறு மாதிரிக் கோபம். எட்டாவது வாரமோ ஒன்பதாவது வாரமோ, அவள் மறுபடியும் பூ வைத்துக்கொண்ட இடத்தில், கடைசி உரலில் இருந்தவள் உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டாள்.

"இதுக்கு எதுக்கு இத்தன நாளு? பிடிக்கலீன்னா ஊர்க்கவுண்டர் முன்னால கூட்டம் வெச்சு, வாங்கின பரியத்தத் திருப்பிக் குடுத்துட்டு வேற ஊட்டுக்குப் போறது. ஒரு காலையில முடிஞ்சுது. பொழுதுக்குள்ள களை எடுக்கப் போயிரலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் மலையில் அது வழக்கம்தான். பிடிக்காத புருஷனோடு ஒருத்தி இருந்தாக வேண்டியதில்லை; கூட்டத்தில் சொல்லி, மாப்பிள்ளை வீடு கொடுத்த பரியப் பணத்தைத் திருப்பிவிட்டு வேறொருவனோடு போகலாம், யாரும் அவளை ஒதுக்கமாட்டார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அத்தை சொன்னாள்:

"புள்ளைய உட்டுட்டுப் போவோணும். அதையும் சொல்லு."

அதுவும் வழக்கம்தான். குழந்தை அப்பன் வீட்டுக்கு. அத்தை அதைச் சொன்னபோது யாரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பது எனக்குத் தெரிந்தது. என் அம்மா இதே மலையில் ஆலத்தூர் நாட்டில் வேறொருவர் வீட்டில் இருக்கிறாள். எனக்கு இரண்டு வயதில் அப்படி ஒரு காலையில் கூட்டம் வைத்துப் போனவள். திருவிழாவில் பார்த்தால் என் கையைப் பிடித்து மணிக்கட்டை அளந்து, இளைத்துவிட்டாய் என்பாள். அவள் மேல் யாருக்கும் குறை இல்லை. எனக்கும் இல்லை என்றுதான் சொல்லி வந்தேன்.

அடுத்த சந்தைக்குத் தோழி வீட்டில், பாறையில் என்ன சொன்னார்கள் என்று அவள் கேட்டாள். எப்போதும் கேட்பாள். பாட்டுக்காரிக்குக் கால் இல்லையா என்று கேட்டதையெல்லாம் சொல்லி நாங்கள் சேர்ந்து சிரித்திருக்கிறோம். இன்று உண்மையை எழுதுகிறேன்: நான் எங்கள் ஆட்களைப் பார்த்துத்தான் சிரிக்க வைத்தேன். நான் படித்தவள், அவர்களில் சேர்த்தி இல்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். விடுதியில் கீழ்நாட்டுப் பெண்கள் எங்கள் வழக்கத்தைப் பற்றிக் குசுகுசுவென்று பேசியதைக் கேட்டவள் நான். அவர்கள் சிரிப்பதற்கு முன்பு நானே சிரித்துவிடுவது என்று பழகியிருந்தேன். பரியத்தைத் திருப்பிக் கொடுத்துக் களை எடுக்கப் போவதை அந்தக் குரலிலேயே நடித்துக் காட்டினேன். அத்தை சொன்ன பாதியைச் சொல்லவில்லை. என் அம்மா இறந்துவிட்டாள் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், நான் திருத்தியதில்லை.

தோழி சிரிக்கவில்லை.

"அப்படியா புள்ள? ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டாள். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து இதழை வாங்கி, மலைப் பாதையில் முதல் ஊற்றுக்குப் பக்கத்தில் சுமையை இறக்கி வைத்த இடத்தில் பிரித்தேன். கடிதங்கள் பக்கத்தில் மேலேயே இருந்தது. அந்தப் பெரியவருக்குப் பதில் போலத் தோழி எழுதியிருந்தாள். புருஷன் வீட்டை விட்டு வந்தவளுக்கு இடமே இல்லை என்கிறீர்கள். எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் மலையில் பெண்கள் சாமை குத்திக்கொண்டே இந்தக் கதையைக் கேட்கிறார்கள், அவர்களுக்கு இந்தப் பெண்ணின் கஷ்டம் விளங்கவே இல்லை, ஊர்க் கூட்டத்தில் ஒரு காலையில் தீர்கிற காரியம் என்கிறார்கள், நம்மில் யார் நாகரிகம் தெரிந்தவர்கள் என்று ஆசிரியரே சொல்லட்டும். அவ்வளவுதான். கீழே 'ஒரு வாசகி, காரவள்ளி' என்று இருந்தது. அதற்கும் கீழே, காரவள்ளி வாசகியின் கடிதம் கதாசிரியரை முதலில் சிரிக்க வைத்ததாகவும், பிறகு இரண்டு நாள் பேனாவைத் தொட விடவில்லை என்றும் பத்திரிகை ஒரு குறிப்புப் போட்டிருந்தது.

அந்த இரண்டு நாள் எனக்கு வர வேண்டியது. நான் அப்படித்தான் நினைத்தேன். பாறை என்னுடையது, உலக்கை எங்களுடையது, சொன்னதைக் கொண்டு போனவள் நான். நான் கோமாளித்தனமாகச் செய்துகாட்டியதை அவள் எடுத்துத் துடைத்து, மரியாதையாக வைத்துவிட்டாள். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. படித்துக் காட்டுகிறவள் ஒருத்தி இருப்பதாகக்கூட இல்லை. சாமை குத்துகிறவர்களுக்குக் கதையை மரமா படித்துக் காட்டிற்று? வாக்கியங்களில் பிழை தேடினேன். ஓர் இடத்திலும் இல்லை. மூன்று வருஷம் இரண்டாவதாக வந்தவள்.

அந்த வாரம் பாறையில் கதையை மட்டும் படித்தேன். கடிதம் இல்லையா என்று கேட்டார்கள். காகிதப் பஞ்சத்தில் அந்தப் பக்கத்தை நிறுத்திவிட்டார்கள் என்றேன். அவர்கள் என்னை நம்பி உலக்கையை எடுத்துக்கொண்டார்கள்.

இதழைத் திருப்பிக் கொடுத்தபோது தோழி வாசலிலேயே காத்திருந்தாள். படித்தாயா, பாறையில் படித்துக் காட்டினாயா, என்ன சொன்னார்கள் என்று ஒரே மூச்சில் கேட்டாள். படித்தேன், ஒன்றும் சொல்லவில்லை என்றேன். ஒன்றுமேவா என்றாள். உலக்கையைக்கூட நிறுத்தவில்லை என்று சொன்னேன். அவள் முகம் வாடியதைப் பார்த்தேன். வீடு வந்து சேரும்வரை அந்த முகம் எனக்கு இனிப்பாக இருந்தது. பிறகு இல்லை.

பொய் இரண்டு வாரம் தாங்கிற்று. எனக்குக் காய்ச்சல் வந்து அத்தை சந்தைக்குப் போனாள். இதழ் வாங்கப் போன இடத்தில் தோழி அவளை உட்கார வைத்து மோர் கொடுத்து, தான் எழுதியதில் மலைக்காரர்களுக்கு வருத்தமா என்று கேட்டிருக்கிறாள். அத்தை கூடையைக்கூட இறக்காமல் என் பாய்க்கு முன்னால் வந்து நின்றாள்.

"நம்ம பேச்சு அச்சுல வந்திருக்குதாமா. நீ சொல்லவே இல்லீயே கண்ணு?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அத்தை அந்தப் பழைய இதழையும் கேட்டு வாங்கி வந்திருந்தாள். காய்ச்சல் விட்ட மறுநாள் அதைக் கொண்டுபோய்ப் பாறையில் வைத்துவிட்டு, படி என்றாள். ஊரே கூடியிருந்தது. காகிதப் பஞ்சத்தைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

படித்தேன். பாதியிலேயே உலக்கைகள் நின்றுவிட்டன. பத்தி முடிந்து நான் நிறுத்திய பிறகும் விழவில்லை. இன்னொரு முறை படிக்கச் சொன்னார்கள். மூன்றாம் முறையும் சொன்னார்கள். கடைசி உரல்காரி, அது தன் வாயிலிருந்து வந்ததுதானே, தன் வாயிலிருந்து வந்தது பட்டணத்தில் படிக்கிறார்களா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். அந்தப் புள்ள கெட்டிக்காரி, நம்மை வந்து பார்க்காமலே பார்த்த மாதிரி எழுதியிருக்கிறாள், அவளுக்கு ஒரு பலாப்பழம் அனுப்ப வேண்டும் என்றார்கள். முதல் பாகம் முழுவதும் தொண்டை வறளப் படித்ததற்கு எனக்கு யாரும் பலாப்பழம் கொடுத்ததில்லை. என் வீட்டிலேயே மரம் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

சிரித்து முடித்த பிறகு கடைசி உரல்காரியே கேட்டாள்:

"புள்ளைய உட்டுட்டுப் போறத எழுதலீயே?"

"அந்தப் புள்ளைக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அத்தை. "இவ சொல்லியிருந்தால்ல தெரியும்."

இந்த முறை என் பக்கம் திரும்பினார்கள்.

அன்றே உட்கார்ந்து பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினேன். காரவள்ளி வாசகிக்கு மலையைப் பற்றிப் பாதிதான் தெரியும். கைக்குழந்தை யாரிடம் இருக்கும் என்று அவர் விசாரித்தாரா. மலை வழக்கத்தைக் கீழே இருந்து பார்த்து எழுதினால் இப்படித்தான் இருக்கும். எழுத்து அழகாக விழுந்தது. படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் அவள்தான் இருந்தாள். நான் எங்கேயும் இல்லை. அந்தப் பாதியை அவளிடமிருந்து மறைத்தவள் யார் என்பதும் இல்லை. குழந்தை விட்டுப் போகப்படுகிறது என்று எழுதிவிட்டேன்; போகிறவள் அந்தக் காலையில் என்ன செய்தாள் என்று எனக்கே தெரியாது. காரவள்ளி வாசகிக்குத் தெரிந்ததைவிட ஒரு வரி மட்டும் எனக்கு அதிகமாகத் தெரிந்திருந்தது.

மறுநாள் ஆலத்தூர் நாட்டுக்கு நடந்தேன். திருவிழா இல்லாத நாளில் நான் அங்கே போனதில்லை. அம்மா மரவள்ளிக் காட்டில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்தாள். இல்லை என்று சொல்லி, அவளோடு கூடவே கிழங்கு தோண்டினேன். மண்ணைப் பார்த்துக்கொண்டே கதையைச் சொன்னேன். குமாஸ்தா, பாட்டுக்காரி, கைக்குழந்தை, ஐந்து ஸ்டேஷன். அவளுக்கும் ரயில் தெரியாது. விளக்கினேன். பிறகு கேட்டேன், அந்தக் காலையில் என்னை என்ன செய்தாய் என்று.

அம்மா களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"கூட்டம் முடிஞ்சு வர்றப்ப நீ தூங்கிட்டு இருந்த சாமி. எழுப்பினா அழுதுருவமேன்னு எழுப்பல. நீயில்ல, நானு. உங்கத்தகிட்ட கஞ்சி ஆறினதுக்கப்புறம் குடுன்னு மட்டும் சொன்னேன்."

சற்றுக் கழித்து, அதற்காகத் திரும்பிப் போயிருப்பேன் என்று நினைத்துக்கொள்ளாதே, போயிருக்கமாட்டேன் என்றும் சொன்னாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் கஞ்சியைப் பற்றிக் கேட்டேன். ஆறின பிறகுதான் கொடுத்தேன் என்றாள்.

முதல் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு வேறு எழுதினேன். காரவள்ளி வாசகி எழுதியது சரி என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை எழுத மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஆயிற்று. அவளுக்குச் சொன்னவள் நான், பாதி சொன்னவளும் நான் என்று அடுத்த வரி. பிறகு தூங்கிக்கொண்டிருந்த குழந்தை, ஆறின கஞ்சி, திரும்பியிருக்கமாட்டேன் என்றவள். கதையில் அந்தப் பெண் ரயிலேறி வருவதாக இருந்தாலும், ஏறாமல் போவதாக இருந்தாலும், குழந்தையையும் கேட்டுவிட்டு எழுதுங்கள் என்று கதாசிரியருக்குச் சொல்லி முடித்தேன். கீழே 'படித்துக் காட்டுகிறவள், வாசலூர்பட்டி மலை' என்று போட்டேன். அதைப் பாறையில் படித்துக் காட்டவில்லை. முதலில் அச்சில் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. பொறாமை தீர்ந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். அவள் கடிதம் மேலே இருந்தது, என்னுடையதும் மேலே வர வேண்டும்.

போன சந்தை நாளில் பலாப்பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். காரவள்ளியில் தபால் பெட்டி தோழியின் வீட்டுக்கு இரண்டு வீடு முன்னால் இருக்கிறது. கடிதத்தைப் பெட்டியில் போட்டேன். உள்ளே விழுந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு அவள் வாசலுக்குப் போனேன். ஊர் அனுப்பிய பழம் என்று சொல்லி இறக்கி வைத்தேன். உலக்கை நின்றது, மூன்று முறை படிக்கச் சொன்னார்கள், முன்பு நான் சொன்னது பொய் என்று அவளிடம் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்பதற்குள், அன்று வந்து இன்னும் பிரிக்காமல் கிடந்த இதழை எடுத்து மடிப்பை விரலால் கிழித்தேன்.